மெயில்பாக்ஸ் ஏன் நிரம்புகிறது? அலுவலக, கல்லூரிக் கணக்குகளின் இடக்கணக்கு

"உங்கள் மெயில்பாக்ஸ் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது" என்று ஓர் எச்சரிக்கை வந்தால் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். இன்பாக்ஸைத் திறந்து, மேலிருந்து கீழாக விளம்பர மெயில்களையும் பழைய அறிவிப்புகளையும் ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து முந்நூறு மெயிலை அழித்துவிட்டுப் பார்த்தால் 98 சதவீதம் என்று இருந்தது 98 சதவீதமாகவே இருக்கும். எரிச்சல்தான் மிச்சம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். வெறும் எழுத்து மட்டுமே உள்ள மெயில் ஒன்று பெரும்பாலும் பத்து, இருபது கேபிதான் இருக்கும். படமும் வண்ணமுமாக வரும் விளம்பர மெயில் கொஞ்சம் பெரியது. அதற்கு 75 கேபி என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். முந்நூறு விளம்பர மெயிலை அழித்தால் கிடைப்பது சுமார் 22 எம்பி. 50 ஜிபி மெயில்பாக்ஸில் 22 எம்பி என்பது இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 25 எம்பி எடையுள்ள ஒரே ஒரு வீடியோவோ பிரசன்டேஷனோ இணைத்து வந்த மெயிலை அழித்தால், அந்த அரை மணி நேர வேலை ஒரு கிளிக்கில் முடிந்துவிடும்.

மெயில்பாக்ஸை நிரப்புவது மெயில்களின் எண்ணிக்கை என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் நிரப்புவது எடை. அந்த எடையும் எல்லா மெயிலிலும் பரவலாக இருப்பதில்லை, இணைப்புகள் உள்ள கொஞ்சம் மெயில்களிலேயே குவிந்து கிடக்கும். இது மனத்தில் பதிந்துவிட்டால் மிச்ச வேலை சுலபம்.

எவ்வளவு இடம், யாருடைய இடம்?

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடம் தருவதாக அறிவித்தபோது பலர் அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்றே நினைத்தார்கள். அந்தச் சமயத்தில் ஹாட்மெயில் தந்த இடம் 2 எம்பி, யாஹூ 4 எம்பி. இப்போது கூகுளின் இலவசத் தனிநபர் கணக்கிலேயே 15 ஜிபி கிடைக்கிறது. அலுவலகக் கணக்கு என்றால், மைக்ரோசாஃப்ட் 365 வைத்துள்ள நிறுவனங்களில் திட்டத்தைப் பொறுத்து 50 அல்லது 100 ஜிபி மெயில்பாக்ஸ் என்பது வழக்கமான அளவு. களப்பணியாளர்களுக்கான மலிவான உரிமங்களில் 2 ஜிபி மட்டும் இருப்பதும் உண்டு. கூகுள் வொர்க்ஸ்பேஸின் ஆரம்பத் திட்டத்தில் ஆளுக்கு 30 ஜிபி, அதற்கு மேற்பட்ட திட்டங்களில் டிபி (ஆயிரம் ஜிபி) கணக்கில்.

இந்த எண்களைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த இடம் மெயிலுக்கு மட்டுமேயானதா, இல்லை வேறு விஷயங்களோடு பங்கு போட்டுக்கொள்வதா? பலரும் தடுமாறுவது இங்கேதான்.

கூகுளில் மெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது என்று உங்களுக்குத் தெரிவிக்கும்போது குற்றவாளி மெயிலாக இல்லாமல் டிரைவில் கிடக்கும் ஒரு வீடியோவாக இருக்கலாம். மைக்ரோசாஃப்டின் அலுவலகக் கணக்குகளில் மெயில்பாக்ஸுக்குத் தனி வரம்பு, கோப்புகளை வைக்கும் ஒன்டிரைவுக்குத் தனி வரம்பு. ஒன்று நிரம்பினாலும் மற்றது காலியாக இருக்கக்கூடும்.

இந்த வித்தியாசத்தால் ஒரே அறிவுரை ஓர் இடத்தில் பலிக்கும், இன்னோர் இடத்தில் வீணாகும். "இணைப்பை எடுத்து டிரைவில் போட்டுவிட்டு மெயிலை அழித்துவிடு" என்று யாராவது சொன்னால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது நல்ல யோசனை. மெயில்பாக்ஸிலிருந்து எடை இறங்கி ஒன்டிரைவுக்குப் போய்விடும். கூகுள் கணக்கில் அதே வேலையைச் செய்தால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. இடது பையிலிருந்த எடை வலது பைக்குப் போகும், அவ்வளவுதான்.

கல்வி நிறுவனங்களில் இன்னொரு அடுக்கும் சேர்ந்துகொண்டது. கல்லூரி மெயில் என்றால் அளவில்லாத இடம் என்று ஒரு காலம் இருந்தது. கல்விக் கணக்குகளுக்கான அந்த ஏற்பாட்டை மாற்றப்போவதாக கூகுள் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. ஏற்கெனவே இருந்த நிறுவனங்களுக்கு 2022 ஜூலை முதல் நிறுவனம் மொத்தத்துக்கும் சேர்த்து 100 டிபி என்ற பொது இருப்பு நடைமுறைக்கு வந்தது. மைக்ரோசாஃப்டும் பின்னர் பள்ளி, கல்லூரிகளுக்கு இதே மாதிரி 100 டிபியில் தொடங்கும் பொது இருப்புக்கு மாறியது. அதில் ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட் (குழுக்கள் கோப்புகளைப் பகிரும் இடம்), மெயில் எல்லாம் அடக்கம்.

100 டிபி என்றால் கடல் மாதிரித் தோன்றும். பத்தாயிரம் பேர் உள்ள பல்கலைக்கழகத்தில் அதை வகுத்துப் பார்த்தால் ஆளுக்குப் பத்து ஜிபிதான். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுத் தண்ணீர்த் தொட்டி போலத்தான் இது: ஒரு வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் மற்ற வீடுகளில் காற்றுதான் வரும். அதனால்தான் பல கல்லூரிகள் மாணவருக்கு இவ்வளவு, ஆசிரியருக்கு இவ்வளவு என்று தாங்களே தனி வரம்பு வைக்கின்றன. முந்தைய வருடம் சீனியர்கள் பார்த்த அளவு உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்கும் இதுதான் காரணம். கணக்குகளை நிர்வகிக்கும் அட்மின் கஞ்சத்தனம் செய்கிறார் என்று நினைக்க வேண்டாம், பாவம், அவருக்கு மேலேயும் ஒரு மூடி இருக்கிறது.

நிரம்பினால் என்ன ஆகும்?

மைக்ரோசாஃப்டின் 50 ஜிபி மெயில்பாக்ஸில் வழக்கமாக மூன்று படிகள் உண்டு. 49 ஜிபியைத் தொட்டால் எச்சரிக்கை வரும். 49.5 ஜிபியில் மெயில் அனுப்ப முடியாது, ஆனால் வருவது வந்துகொண்டிருக்கும். 50 ஜிபியில் வருவதும் நின்றுவிடும். 100 ஜிபி மெயில்பாக்ஸ் என்றால் இதே படிகள் 98, 99, 100. அட்மின் விரும்பினால் இவற்றைக் குறைத்தும் வைக்கலாம்.

மூன்றாவது படிதான் ஆபத்தானது. மெயில் வராமல் போவது உங்களுக்குத் தெரியாது, அனுப்பியவருக்குத்தான் தெரியும். அவருக்கு "மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது" என்ற பொருளில் ஒரு பதில் திரும்பிப் போகும், அதில் 5.2.2 என்ற எண்ணை அடிக்கடி பார்க்கலாம். நேர்காணல் தேதியை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர், வழிகாட்டியின் திருத்தங்களுக்காகக் காத்திருக்கும் மாணவர் போன்றவர்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல. உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்பதும் ஒன்றும் அனுப்பப்படவில்லை என்பதும் ஒன்றல்ல.

கண்ணுக்குப் படாத இடங்கள்

இன்பாக்ஸ் சுத்தமாக இருக்கிறது, ஆனால் இடம் இல்லை என்கிறதே என்று கேட்பவர்கள் நிறைய. இன்பாக்ஸ் என்பது மெயில்பாக்ஸில் ஒரு மூலை. மற்ற மூலைகளையும் பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் சென்ட் மீது வர வேண்டும். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு மெயிலும், அதன் இணைப்போடு, அங்கே பத்திரமாக இருக்கிறது. வேலையில் நிறைய கோப்புகளை அனுப்புபவர்களுக்கு இன்பாக்ஸைவிட சென்ட் கனமாக இருப்பது சகஜம். அந்தக் கோப்புகளின் அசல் எப்படியும் உங்கள் கணினியிலோ டிரைவிலோ இருக்கும் என்பதால், மனம் வலிக்காமல் அழிக்கக்கூடிய இடமும் இதுதான்.

அப்புறம் குப்பைத் தொட்டி. அழித்த மெயில் முதலில் டிராஷுக்கோ டெலிட்டட் ஐட்டம்ஸுக்கோ போகிறது. அங்கே இருக்கும்வரை அதுவும் உங்கள் இடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஜிமெயிலில் 30 நாள் கழித்து அது தானாகவே காலியாகும். மைக்ரோசாஃப்டின் மெயில் செயலியான அவுட்லுக்கில் இது நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. சில இடங்களில் பல வருடக் குப்பை அப்படியே இருக்கும். அழித்துவிட்டோமே, ஏன் குறையவில்லை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இந்தத் தொட்டியில் இருக்கிறது. தொட்டியைக் காலி செய்த பிறகும் கணக்கு உடனே மாறாமல் சில மணி நேரம் எடுக்கலாம். பதறி மேலும் மேலும் அழித்துக்கொண்டே போக வேண்டாம்.

மைக்ரோசாஃப்டில் டெலிட்டட் ஐட்டம்ஸைக் காலி செய்த பிறகும் மெயில் உடனே மறைந்துவிடுவதில்லை. மீட்டெடுக்கக்கூடிய பொருட்களுக்கென்று ஒரு மறைவான இடத்தில் வழக்கமாக 14 நாள் இருக்கும், அட்மின் விரும்பினால் அதை 30 நாள் வரை நீட்டலாம். நல்ல செய்தி என்னவென்றால், அந்த இடம் உங்கள் வரம்பில் சேராது. தவறாக அழித்துவிட்டால் டெலிட்டட் ஐட்டம்ஸ் பக்கத்தில் மேலே தெரியும் மீட்கும் லிங்க்கை அழுத்தித் தேடிப் பார்க்கலாம்.

ஆர்க்கைவ் பட்டனில் ஏமாறாதவர்கள் குறைவு. ஜிமெயிலில் ஒரு மெயிலை ஆர்க்கைவ் செய்தால் அது இன்பாக்ஸிலிருந்து மறையும். ஆல் மெயில் பகுதியில் அதே எடையோடு இருக்கும். இடம் துளியும் மிச்சமாகாது. அவுட்லுக்கில் உள்ள ஆர்க்கைவ் பட்டனும் இப்படித்தான். மெயிலை அதே மெயில்பாக்ஸுக்குள் ஆர்க்கைவ் என்ற இன்னொரு ஃபோல்டருக்கு நகர்த்துகிறது. ஆனால் மைக்ரோசாஃப்டில் ஆன்லைன் ஆர்க்கைவ் என்று வேறொன்றும் இருக்கிறது. அது தனி மெயில்பாக்ஸ், தனி வரம்பு. அட்மின் அதை இயக்கியிருந்தால் அவுட்லுக்கின் இடது பட்டியலில் உங்கள் மெயில்பாக்ஸுக்குக் கீழே தனியாகத் தெரியும். அங்கே நகர்த்தினால் நிஜமாகவே இடம் கிடைக்கும்.

கனமானதைப் பிடிப்பது எப்படி?

அவுட்லுக்கை உலாவியில் திறப்பவர்கள் அமைப்புகளுக்குள் போய் ஸ்டோரேஜ் என்ற பகுதியைப் பார்க்கலாம். எந்த ஃபோல்டர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும். ஒரு ஃபோல்டருக்குப் பக்கத்தில் காலி செய்யும் பட்டன் இருந்தால், எல்லாவற்றையும் அழிப்பதோடு மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதத்துக்கு முந்தையதை மட்டும் அழிக்கும் வசதியும் இருக்கும். பன்னிரண்டு மாதம் என்பதையும் யோசித்தே அழுத்துங்கள். ஏன் என்று பின்னால் வருகிறேன். குறிப்பிட்ட ஃபோல்டரைத் திறந்து, தேதிக்குப் பதில் அளவின்படி வரிசைப்படுத்தினால் யானைகள் எல்லாம் மேலே வந்து நிற்கும்.

ஜிமெயிலில் அளவின்படி வரிசைப்படுத்த முடியாது, தேடத்தான் முடியும். தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சின்ன ஐகானை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். அதில் அளவு என்ற வரியில் "இதைவிடப் பெரியது" என்று தேர்ந்து 10 எம்பி என்று கொடுங்கள். எங்கே தேட வேண்டும் என்ற இடத்தில் எல்லா மெயிலும் என்று இருக்கட்டும்; அப்போதுதான் சென்ட்டும் ஆர்க்கைவ் செய்தவையும் வரும். வந்த பட்டியலைப் பார்த்துவிட்டு 5 எம்பி என்று மாற்றித் தேடுங்கள். 1 எம்பிக்குக் கீழே போவதற்குள் பெரும்பாலானோருக்குத் தேவையான இடம் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஜிமெயிலில் மெயில்கள் உரையாடலாகச் சேர்ந்து காட்டப்படுவதால், பட்டியலில் ஒரு வரியை அழித்தால் அந்த உரையாடலில் உள்ள எல்லா மெயிலும் போய்விடும். கனமான ஒரு மெயில் மட்டும் போகாது. உள்ளே திறந்து, அந்த ஒரு மெயிலின் மூன்று புள்ளிகளை அழுத்தி "இந்த மெசேஜை மட்டும் அழி" என்பதைத் தேர்வு செய்தால் மற்றவை தப்பும்.

கூகுள் கணக்கில் மெயிலை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். டிரைவின் சேமிப்பிடப் பக்கத்தில் உங்கள் கோப்புகள் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையாக இருக்கும். மீட்டிங் பதிவுகள் அங்கே தலைகாட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். கூகுள் மீட் பதிவுகள் கூட்டத்தை ஏற்பாடு செய்தவரின் டிரைவில் சேர்கின்றன. நீங்கள் வாராந்திரக் கூட்டத்தை ஏற்பாடு செய்பவர் என்றால், யாரும் திரும்பிப் பார்க்காத பதிவுகள் உங்கள் கணக்கில் வாரா வாரம் ஏறிக்கொண்டிருக்கும். டீம்ஸில் பதிவுகள் ஒன்டிரைவுக்கோ ஷேர்பாயிண்ட்டுக்கோ போகும். ஒரு மணி நேரப் பதிவு சுமார் 400 எம்பி. அவற்றுக்கு வழக்கமாக 120 நாள் காலாவதி இருப்பதால் அங்கே பிரச்சினை கொஞ்சம் குறைவு. பகிர்ந்த கோப்புகளைப் பொறுத்தவரை டிரைவில் ஒரு விதி உண்டு: கோப்பின் உரிமையாளர் யாரோ அவர் கணக்கில்தான் எடை ஏறும். மற்றவர்கள் உங்களோடு பகிர்ந்ததை உங்கள் பட்டியலிலிருந்து நீக்கினால் உங்களுக்கு இடம் கிடைக்காது.

ஒரு பிரசன்டேஷனின் கதை

எடை எப்படிப் பெருகுகிறது என்று கிட்ட வைத்துப் பார்க்கலாம். ஒரு 12 எம்பி பிரசன்டேஷனை நீங்கள் தயாரித்து மூன்று பேருக்கு அனுப்புகிறீர்கள். உங்கள் சென்ட்டில் 12 எம்பி. ஒருவர் இரண்டாம் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, கோப்பை மறுபடி இணைத்து எல்லோருக்கும் அனுப்புகிறார். உங்கள் இன்பாக்ஸில் இன்னொரு 12. அடுத்தவர் ஒரு படத்தை மாற்றி அனுப்புகிறார், இன்னொரு 12. நீங்கள் எல்லாத் திருத்தத்தையும் சேர்த்து "இறுதி" என்று பெயர் வைத்து அனுப்புகிறீர்கள். மறுநாள் "இறுதி 2". அப்புறம் துறைத் தலைவருக்கு ஃபார்வர்ட். அதற்குள் உங்கள் மெயில்பாக்ஸில் மட்டும் ஆறு பிரதிகள், 72 எம்பி. நான்கு பேரின் மெயில்பாக்ஸ்களையும் கூட்டினால் இருநூற்றைம்பது எம்பியை ஒட்டி வரும். இத்தனைக்கும் கோப்பில் மாறியது ஓர் எழுத்தும் ஒரு படமும்.

சர்வர் புத்திசாலியாக ஒரு பிரதியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் காட்டக் கூடாதா என்று கேட்கலாம். மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்சின் பழைய பதிப்புகளில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2010 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். உள்ளே எப்படி வைத்தாலும், உங்கள் வரம்பு கணக்கிடப்படும்போது ஒவ்வொரு பிரதியும் தனித்தனி எடைதான்.

இங்கே இன்னொரு விவரம். ரிப்ளை செய்தால் இணைப்பு கூடவே போவதில்லை. ஃபார்வர்ட் செய்தால் போகும். ஆனால் மெயிலின் உடலுக்குள் ஒட்டிய படங்கள் ரிப்ளையிலும் தொடரும். கையெழுத்துப் பகுதியில் பெரிய லோகோ வைத்திருப்பவரோடு நாற்பது முறை கடிதம் பரிமாறினால், ஒவ்வொரு பதிலும் முந்தைய லோகோக்களைச் சுமந்துகொண்டே போகும். ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே ஒட்டும் பழக்கமும் இதே வகை. நிறுவனங்கள் லோகோவின் அளவைக் குறைக்கச் சொல்வது அழகுக்காக மட்டும் இல்லை.

கோப்பை மெயிலில் அனுப்பும்போது அது கொஞ்சம் உப்பவும் செய்யும். மெயில் என்பது எழுத்துகளுக்காகப் பிறந்த ஊடகம். படம், வீடியோ போன்றவற்றை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப முடியும். பேஸ்64 என்ற அந்த முறையில் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாகிறது. அதனால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். 18 எம்பி கோப்பு பயணத்தில் சுமார் 24 எம்பி ஆகிவிடும். 25 எம்பி வரம்புதானே, 22 எம்பி கோப்பு ஏன் போகவில்லை என்று பல இடங்களில் எழும் குழப்பம் இதிலிருந்து வருவது.

இந்தக் கதைக்கு மருந்து ஒன்றுதான்: கோப்பை டிரைவிலோ ஒன்டிரைவிலோ வைத்து, லிங்க்கை அனுப்புவது. திருத்துபவர்கள் எல்லோரும் ஒரே கோப்பைத் திருத்துவார்கள். 72 எம்பிக்குப் பதில் ஒரே ஒரு 12 எம்பி. கூகுள் கணக்கில்கூட இது லாபம்தான். ஆறு பிரதிக்குப் பதில் ஒன்றுதானே. யார் திறக்கலாம் என்ற அனுமதியை அனுப்பும் முன்பே சரிபார்த்துவிடுங்கள், இல்லையென்றால் "எனக்குத் திறக்கவில்லை" என்று ஏழு மெயில் வரும்.

மெயிலை வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் கழற்றலாமா?

கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக்கில் முடியும். மெயிலைத் திறந்து, இணைப்பை வேறிடத்தில் சேமித்துவிட்டு, இணைப்பை மட்டும் நீக்கச் சொல்லலாம். எழுத்து அப்படியே இருக்கும். ஜிமெயிலில் நேரடியாக இந்த வசதி இல்லை. இணைப்பை எடுத்துவிட்டு மெயிலை உங்களுக்கே ஃபார்வர்ட் செய்து, அசலை அழிப்பது ஒரு சுற்றுவழி. ஆனால் அப்படிச் செய்தால் அனுப்பியவர் பெயரும் தேதியும் மாறிவிடும். ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டிய மெயிலுக்கு இந்த வழி வேண்டாம்.

விளம்பர மெயில், செய்திமடல், தானியங்கி அறிவிப்பு ஆகியவற்றால் இடம் பெரிதாகப் போவதில்லை என்று முதலிலேயே சொன்னேன். அவற்றைக் குறைப்பது மன நிம்மதிக்கு நல்லது. அவுட்லுக்கில் ஸ்வீப் என்ற பட்டன் ஒரே அனுப்புநரின் பழைய மெயில்களைப் பெருக்கித் தள்ளும். கடைசியாக வந்ததை மட்டும் வை, 10 நாளுக்கு மேற்பட்டதை நீக்கு என்றெல்லாம் நிரந்தர விதியும் வைக்கலாம். ஜிமெயிலில் ஒரு பக்கத்தில் உள்ளவற்றைத் தேர்வு செய்ததும், தேடலுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் தேர்வு செய்யவா என்று மேலே ஒரு வரி கேட்கும். அதை அழுத்தினால் ஆயிரக்கணக்கில் ஒரே அடியாக அழிக்கலாம்.

போனிலும் லேப்டாப்பிலும் இருப்பது நகல்தான்

போனில் இடம் இல்லை என்று வரும் எச்சரிக்கையும் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கையும் வேறு வேறு. அவுட்லுக்கில் கடந்த ஒரு வருட மெயிலை மட்டும் கணினியில் வை என்று அமைப்பை மாற்றினால் லேப்டாப்பில் இடம் கிடைக்கும். சர்வரில் ஒன்றும் மாறாது. மெயில் ஆப்பை போனிலிருந்து நீக்கினாலும் அப்படியே. மறுபக்கம், போனில் இடம் வேண்டுமென்று அதே ஆப்பில் மெயில்களை அழித்தால் அவை சர்வரிலிருந்தும் அழியும், லேப்டாப்பிலிருந்தும் மறையும். இன்றைய மெயில் ஆப்கள் சர்வரோடு ஒத்திசைந்து இயங்குவதால் நகலை அழிப்பதும் அசலை அழிப்பதும் ஒன்றாகிவிடுகிறது.

பழைய மெயில்களைப் பிஎஸ்டி என்ற அவுட்லுக் கோப்பாகக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் போனால் எல்லாமும் போகும். உலாவியிலோ போனிலோ தேடினால் கிடைக்காது. சில நிறுவனங்கள் இதைத் தடையே செய்திருக்கின்றன. என்னைக் கேட்டால், ஆன்லைன் ஆர்க்கைவ் கிடைக்கும் இடத்தில் பிஎஸ்டி பக்கம் போகவே வேண்டாம்.

எதை அழிக்கக் கூடாது?

சொந்தக் கணக்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். அலுவலக மெயில்பாக்ஸில் இருப்பதை நீங்கள் எழுதியிருந்தாலும், அது நிறுவனத்தின் ஆவணம். ஒப்பந்தங்கள், ஒப்புதல்கள், பணியாளர் விவகாரங்கள், கணக்கு வழக்கு பற்றிய மெயில்களை இவ்வளவு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனத்தின் கொள்கை இருக்கலாம். வழக்கோ விசாரணையோ நடந்தால் சில மெயில்பாக்ஸ்களை அட்மின் பூட்டி வைப்பார். நீங்கள் அழித்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு பிரதி இருக்கும். ஃபோல்டரை மொத்தமாகக் காலி செய்யும் பட்டனை யோசித்து அழுத்தச் சொன்னது இதனால்தான். பழையது என்பதால் மட்டும் ஒரு மெயில் தேவையற்றதாகிவிடாது. "சரி, செய்யலாம்" என்று மேலதிகாரி எழுதிய 8 கேபி மெயில் இடமே பிடிக்காது, அதை விட்டுவைப்பதில் நஷ்டமும் இல்லை. கனமானவற்றை முதலில் தேடுவதன் இன்னொரு லாபம் இது: முக்கியமான சின்ன மெயில்களின் பக்கமே போக வேண்டியதில்லை.

மாணவர்கள் நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். கல்லூரி மெயிலில் குடும்பப் படங்கள், மதிப்பெண் சான்று, நண்பர்களின் வீடியோ எல்லாவற்றையும் போட்டுவைப்பார்கள். படிப்பு முடிந்ததும் கணக்கு மூடப்படும். கூகுளில் அட்மின் ஒரு பயனரை நீக்கிவிட்டால் 20 நாள் வரைதான் மீட்க முடியும். மைக்ரோசாஃப்டில் மெயில்பாக்ஸ் 30 நாள் காத்திருக்கும். அதற்குப் பிறகு யாரைக் கேட்டும் பயனில்லை. சொந்த விஷயங்களைக் கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே வெளியே எடுத்துவிடுங்கள். கணக்கில் இருப்பதை நகலெடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட் மூலம் மெயில்களை எம்பாக்ஸ் என்ற வகைக் கோப்பாக எடுக்கலாம், கல்லூரி அதை அனுமதித்திருந்தால். வங்கி, அரசு அடையாளம், வேலைவாய்ப்புத் தளங்கள் போன்றவற்றில் கல்லூரி மெயிலைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். இடப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை அது, கடவுச்சொல்லை மீட்க வேண்டிய நாளில்தான் தெரியும்.

அட்மினிடம் என்ன கேட்பது?

பெரியவற்றை அழித்து, தொட்டியைக் காலி செய்து, அப்படியும் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் ஐடி பிரிவுக்கு எழுதலாம். "இடம் கூட்டிக் கொடுங்கள்" என்று ஒரு வரியில் எழுதினால் "பழையதை அழியுங்கள்" என்று ஒரு வரியில் பதில் வரும். எந்த ஃபோல்டர் எவ்வளவு பிடித்திருக்கிறது, எவற்றை ஏற்கெனவே அழித்தீர்கள், எதை எந்தக் காரணத்தால் அழிக்க முடியாது என்று மூன்று வரி சேர்த்து எழுதினால் பேச்சு வேறு மாதிரிப் போகும். பலர் சேர்ந்து பார்க்கும் பொது முகவரி என்றால் அதையும் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்டில் பகிர்வு மெயில்பாக்ஸுக்கு உரிமம் இல்லாமலே 50 ஜிபி உண்டு, அதற்கு மேல் போக வேண்டுமென்றால்தான் உரிமம் தேவை. பதில் சொல்பவருக்கு இது உதவும் விவரம்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால், வரம்பைக் கூட்டச் சொல்வதைவிட ஆன்லைன் ஆர்க்கைவை இயக்கச் சொல்வது பெரும்பாலும் சீக்கிரம் நடக்கும். வழக்கமான கொள்கையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய மெயில்கள் தானாகவே அங்கே நகர்ந்துவிடும். இயக்கிய அன்றே எதையும் எதிர்பார்க்க வேண்டாம். நகர்த்தும் வேலையைச் செய்யும் நிரல் ஒவ்வொரு மெயில்பாக்ஸையும் எட்டிப் பார்க்க ஏழு நாள் வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை அவசரத்துக்கு, சென்ட்டில் அளவின்படி மேலே நிற்கும் பத்து மெயில்களைக் கையால் அங்கே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.